தாத்தாவின் வின்செஸ்டர் 100: உற்பத்தி நின்ற ஒரு வேட்டை ரைஃபிள் கைமாறியபோது நடந்தவை

இது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் நடந்தது. பேரன் என்னோடு வேலை பார்ப்பவர், சில கட்டங்களில் நானும் கூட இருந்தேன், மற்றதெல்லாம் அவரும் அவர் அம்மாவும் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்தும் சொன்னது. அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர்களும் ஊரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பழைய மரக்கட்டை ரைஃபிள்களை நேசிக்கிறவர்கள் அவற்றின் அழகைப் பற்றி நிறையப் பேசுகிறோம், அதில் தப்பில்லை, நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் அந்தத் துப்பாக்கியோடு சேர்ந்து வரவேண்டிய விவரங்கள் வராமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்த ஒரு நிகழ்வு போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

பின்னணி

மிச்சிகனின் வட பகுதியான அப்பர் பெனின்சுலாவில் நவம்பர் 15 அன்று ஊரே காட்டில் இருக்கும். துப்பாக்கி மான் வேட்டை அன்று தொடங்கி 30ஆம் தேதி முடிகிறது, பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கும் அன்று விடுமுறை. இந்தக் குடும்பத்தின் பெரியவர் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் வாங்கிய வின்செஸ்டர் மாடல் 100 ரைஃபிளோடுதான் எப்போதும் மான் வேட்டைக்குப் போனார், கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் மட்டும் உடம்பு ஒத்துழைக்காமல் துப்பாக்கி அலமாரியிலேயே கிடந்தது. 2024 தொடக்கத்தில் அவர் இறந்தார். ரைஃபிள் பேரனுக்கு என்று முன்பே வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தார்.

அவருடைய மகளுக்கு, அதாவது பேரனின் அம்மாவுக்கு, அது வீட்டில் இருப்பதில் விருப்பமில்லை. அவருடைய இன்னொரு பிள்ளையின் குழந்தைகள் அடிக்கடி வந்து தங்குவார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் மிச்சிகனில் புதுச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது: சிறார் இருக்கும் அல்லது வந்துபோகும் இடத்தில் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கிக்கே பூட்டுப் போட வேண்டும். விற்றுவிடலாம் என்பது அவர் எண்ணம். பேரனுக்கோ வரும் நவம்பர் 15 அன்று தாத்தா உட்கார்ந்த அதே இடத்தில், அதே ரைஃபிளோடு உட்கார வேண்டும். எல்லாம் இந்த இழுபறியில்தான் தொடங்கியது.

எப்பேர்ப்பட்ட துப்பாக்கி இது

செமி ஆட்டோமேட்டிக், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள், என்றதும் இன்று எல்லோர் கண்ணிலும் வருவது கருப்பு அலுமினியமும் பிளாஸ்டிக்குமான ஏஆர் வகைதான். அதற்கு வெகுகாலம் முன்பே, வால்நட் மரக்கட்டையும் நீலம் ஏற்றிய எஃகுமாக, வேட்டைக்கென்றே செய்த செமி ஆட்டோ ரைஃபிள்கள் அமெரிக்காவில் இருந்தன. ஜான் பிரௌனிங் வடிவமைத்த ரெமிங்டன் மாடல் 8 கடைக்கு வந்தது 1906இல். வின்செஸ்டர் 1905, 1907 மாடல்கள் அதே காலம். பிறகு 1955இல் ரெமிங்டன் 740, 1960இல் அதன் தம்பி 742, ரூகரின் .44 மேக்னம் கார்பைன் (பேரல் குட்டையான ரைஃபிள்), 1961இல் வின்செஸ்டர் 100. இவற்றில் எதுவும் இப்போது தயாரிப்பில் இல்லை. நல்ல வால்நட்டும் கடைசல் வேலையும் விலை ஏற ஏறக் கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் மலிவான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள் இவற்றைவிடத் துல்லியமாகவே சுட்டன. செமி ஆட்டோ வேண்டும் என்பவர்கள் ஏஆர் பக்கம் போய்விட்டார்கள்.

இவற்றில் மாடல் 100க்கு ஒரு தனிக் களை உண்டு. ரெமிங்டன் 742இல் முன்கட்டையும் பின்கட்டையும் இரண்டு தனித் துண்டுகள், நடுவில் எஃகு. 100இல் நுனியிலிருந்து தோள் வரை ஒரே வால்நட் துண்டு. பேரலில் உள்ள சிறு துளை வழியாக வாயு இறங்கி அடியிலுள்ள பிஸ்டனைத் தள்ளும், பேரலின் பின்வாயை அடைத்துப் பூட்டியிருக்கும் போல்ட் சுழன்று பூட்டு விடும், காலித் தோட்டா வெளியே விழும், அடுத்தது ஏறும். தோட்டா அடுக்கும் மேகஸினில் பெரும்பாலும் 4 தோட்டா. .308, .243, .284 என்று மூன்று தோட்டா அளவுகளில் வந்தது. 1973இல் உற்பத்தி நிற்பதற்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் செய்திருந்தார்கள். அதாவது அபூர்வப் பொருளே இல்லை. இன்றும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இருக்கிறது, அதனால்தான் இதை எழுதவே தோன்றியது.

அலமாரியிலிருந்து எடுத்தபோது

ரைஃபிள் கம்பளி உள்துணி வைத்த தோல் உறைக்குள் இருந்தது. பெரியவர் பத்திரமாக வைத்ததாகத்தான் நினைத்திருப்பார். உண்மையில் நீண்ட நாள் வைப்பதற்கு உறையைப் போல மோசமான இடம் கிடையாது. உள்துணி காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து எஃகோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். பேரலின் வெளிப்பக்கத்தில், உறையின் தையல் பட்ட இடத்தில், நேர்கோடாகத் துரு. சரி, அது மேலோட்டமானது, எண்ணெய் போட்டுத் தேய்த்ததும் போய்விட்டது.

கட்டையின் பின்பகுதியில் எஃகு மரத்தோடு சேருமிடத்தில் மரம் கருத்து, நகத்தால் அழுத்தினால் லேசாக உள்வாங்கியது. வருடக்கணக்காகக் கட்டை கீழே, பேரல் மேலே என்று நிறுத்தி வைத்தால் போட்ட எண்ணெயெல்லாம் இறங்கி மரத்துக்குள் ஊறிவிடும். பிடிமானத்துக்காகச் செதுக்கிய பகுதியைப் பார்த்தால் கூடைப் பின்னல் மாதிரி அச்சு. குடும்பத்தில் எல்லோரும் 1962இல் வாங்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வின்செஸ்டர் கைச்செதுக்கலை விட்டுவிட்டு அந்த அச்சு வேலைக்கு மாறியது 1964இல், ஆகவே இது அதற்குப் பின்னால் வந்த துப்பாக்கி. பேரலை அடியிலிருந்து கையில் தாங்கி நடந்த இடத்தில், ஒரு உள்ளங்கை அளவுக்கு வார்னிஷ் முழுக்கப் போய் மரம் வழவழவென்று இருந்தது.

இந்தக் கட்டத்தில் பேரன் ஒரு காரியம் செய்தார். அலமாரியில் பழைய .308 தோட்டாப் பெட்டி ஒன்று இருந்தது, சிலவற்றில் பச்சை பூத்திருந்தது. நல்லதாகத் தெரிந்த இரண்டை எடுத்து மேகஸினில் போட்டு, வீட்டுக்குப் பின்னால் நின்று, போல்ட்டை இழுத்து விட்டுப் பார்த்தார். சுடும் எண்ணம் இல்லை, ஏறுகிறதா என்று பார்க்கத்தான். ஏறியது. அப்புறம் இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு, வேட்டைக்கு முன் ஒரு தடவை துடைத்துத் தரச் சொல்லி கன்ஸ்மித்திடம் கொண்டுபோனார்.

1990 எச்சரிக்கை

கன்ஸ்மித் எழுபது வயதைத் தாண்டியவர். உறையைத் திறந்து என்ன மாடல் என்று பார்த்ததுமே, ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) மாற்றியாயிற்றா என்று கேட்டார். பேரனுக்கு அப்படியொரு விஷயமே தெரியாது. வீட்டுக்குப் பின்னால் செய்ததைச் சொன்னபோது, பேரல் எந்தத் திசையைப் பார்த்திருந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று விசாரித்தார்.

விஷயம் இதுதான். 1990இல் மாடல் 100 ரைஃபிள்கள், கார்பைன்கள் அத்தனைக்கும் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியானது. அதன் ஃபயரிங் பின் நாளடைவில் உடையக்கூடும். உடைந்த முனை போல்ட்டின் முகத்தில் வெளியே நீட்டிக்கொண்டு நின்றுவிட்டால், போல்ட் புதுத் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வரும்போதே, பூட்டு விழுவதற்கு முன்பே, தோட்டா வெடித்துவிடும். விசையைத் தொடவே வேண்டாம். பூட்டாத போல்ட்டுக்கு முன்னால் .308 வெடித்தால் தோட்டாவின் பித்தளைக் கூடும் வாயுவும் பின்பக்கம் பீறிட்டு வரும், சுடுபவரின் முகம் அங்கேதான் இருக்கும். பின்னை மாற்றும் வரை தோட்டாவே போடாதீர்கள் என்றது அறிவிப்பு, புதுப் பின் இலவசம்.

பேரன் வீட்டுக்குப் பின்னால் செய்தது துல்லியமாக அந்தச் செயல்தான்: மருந்துள்ள தோட்டாவின் மேல் போல்ட்டை விட்டது.

இந்த அறிவிப்பு ஏன் அந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை? 1968 துப்பாக்கிச் சட்டத்துக்கு முன்பு அமெரிக்காவில் ரைஃபிளை ஹார்டுவேர் கடையில் வாங்கலாம், தபாலிலும் வரவழைக்கலாம். யார் வீட்டில் எந்த ரைஃபிள் இருக்கிறது என்று தயாரிப்பாளரிடம் பட்டியல் கிடையாது, கடிதம் போட முகவரி இல்லை. பத்திரிகை விளம்பரமும் கடைச் சுவர் அறிவிப்பும்தான் வழி. செய்த இடமும் கைமாறிவிட்டது: வின்செஸ்டரை வைத்திருந்த ஒலின் நிறுவனம் 1981இல் நியூ ஹேவன் தொழிற்சாலையை விற்றது, 2006இல் அது மூடப்பட்டது. ஆக, 1990இல் அந்தப் பக்கத்தைப் புரட்டாத ஒருவருக்கு, அதற்குப் பிறகு யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. பெரியவர் அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் அந்த ரைஃபிளோடு காட்டுக்குப் போயிருக்கிறார்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவை கன்ஸ்மித்தே எடுத்தார்: போல்ட்டைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு தோட்டா கூட இதில் ஏறாது. மாடல் 100ஐப் பிரிப்பது எளிதல்ல, ஒரே துண்டுக் கட்டைக்குள்ளிருந்து முழு இயந்திரத்தையும் வெளியே எடுக்க வேண்டும், வீட்டில் செய்யப்போய்க் கட்டை பிளந்த கதைகள் அவரிடம் நிறைய உண்டு.

உள்ளே இருந்தது பழைய பின்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தும் விரிசல் தெரியவில்லை. அம்மாவுக்கு அங்கே ஒரு கேள்வி வந்தது, நியாயமான கேள்வி: உடையவில்லை என்றால் ஏன் மாற்ற வேண்டும்? எஃகு களைத்துப்போவது கண்ணுக்குத் தெரியாது, உடைகிற அன்று உடையும் என்றார் கன்ஸ்மித். அதோடு இன்னொன்றையும் காட்டினார். போல்ட்டுக்குள் பழைய எண்ணெய் பழுப்பாகக் காய்ந்து கோந்து மாதிரி ஒட்டியிருந்தது, பின் தடையில்லாமல் முன்னும் பின்னும் நகரவில்லை. உடையாத பின் கூட இந்தப் பிசினில் முன்பக்கம் ஒட்டி நின்றுவிட்டால் விளைவு அதேதான். புதுப் பின் பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் கடையிலிருந்து வந்தது, முனை போல்ட் முகத்தில் எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து பார்த்த பிறகே பூட்டினார். பிஸ்டனிலும் அதே காய்ந்த எண்ணெய், சுரண்டி எடுக்க ஒரு பகல் ஆயிற்று.

இரண்டாவது, விற்பதா வேண்டாமா என்பது. இந்த எச்சரிக்கையைக் கேட்டபின் அம்மா இன்னும் உறுதியாக விற்கச் சொல்வார் என்று பேரன் பயந்திருந்தார். அவர் சொன்னது வேறு: சரிசெய்யாமல் விற்றால் இதே ஆபத்தை இன்னொரு வீட்டுக்கு அனுப்புகிறோம், சரிசெய்வதென்றால் நாமே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரும்புப் பெட்டி வாங்கி, சாவி உன்னிடம் மட்டும் இருக்க வேண்டும். அப்படியே ஆயிற்று.

மூன்றாவது, கட்டை. பேரனுக்கு அதை இழைத்துப் புது வார்னிஷ் போட ஆசை. இங்கேதான் நானும் வாயைத் திறந்தேன், வேண்டாம் என்று. அந்தக் கூடைப் பின்னல் அச்சு மரத்தில் அழுத்திப் பதித்தது, உப்புத்தாள் பட்டால் மழுங்கிவிடும், திரும்பச் செதுக்கிக் கொண்டுவருவது பெரிய பாடு. அதைவிட முக்கியம், அந்த உள்ளங்கைத் தேய்மானம். பெரியவர் நடந்து நடந்து உண்டான ஒன்றை வார்னிஷுக்காக அழித்துவிட்டு அப்புறம் அவர் நினைவாக வைத்திருக்கிறோம் என்று சொல்வதில் என்ன இருக்கிறது? கன்ஸ்மித்தும் அதே கருத்து. மேற்பரப்பை மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, லேசாக ஆளிவிதை எண்ணெய் மட்டும் தடவினார்கள். உள்பக்கம் எண்ணெய் ஊறிய இடத்தில், வார்னிஷ் இல்லாத மரத்தில் மட்டும், சீமைச் சுண்ணாம்புப் பொடியை அசிட்டோனில் குழைத்துப் பூசினார். காய்ந்ததும் வெள்ளைப் பூச்சு பழுப்பாக மாறியிருந்தது, தட்டிவிட்டு மறுபடி பூசினார். பூச்சு வெள்ளையாகவே நிற்கும் வரை இதையே செய்தார். மரத்தின் கறுப்பு முழுக்கப் போகவில்லை, ஆனால் இறுகிவிட்டது.

சுட்டுப் பார்த்தபோது

முதல் தோட்டாவை யாரும் தோளில் வைத்துச் சுடவில்லை. ரைஃபிளைத் தாங்கியில் பூட்டி, விசையில் கயிறு கட்டி, தள்ளி நின்று இழுத்தார்கள். தோட்டாவும் புதிது, பச்சை பூத்த பழைய பெட்டியை ஒதுக்கிவிட்டார்கள். ஒவ்வொன்றாகச் சுட்டதில் சிக்கல் இல்லை. மேகஸினில் இரண்டு போட்டுச் சுட்டபோது காலித் தோட்டா சேம்பரிலேயே, அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியிலேயே, இறுகி நின்றது. மறுபடியும் ஒரு தடவை அப்படி.

வெளியே தட்டி எடுத்த பித்தளைக் கூட்டைக் கன்ஸ்மித் என் கையில் கொடுத்தார். விளிம்பை எக்ஸ்ட்ராக்டர், அதாவது காலித் தோட்டாவை இழுத்தெடுக்கும் கொக்கி, கடித்திருந்தது. உடம்பில், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, குண்டூசித் தலையைவிடச் சின்னச் சின்ன மேடுகள் ஒரு பக்கமாக வரிசையாக இருந்தன. சேம்பர் சுவரில் துரு தின்ற குழிகளுக்குள் வெடிப்பின் அழுத்தத்தில் பித்தளை பிதுங்கிப் பதிந்த அச்சு அது. உறையின் ஈரம் வெளியே கோடு போட்டதைத் துடைத்துவிட்டோம், உள்ளே செய்ததை இப்போதுதான் பார்த்தோம். போல்ட் ஆக்‌ஷனாக இருந்தால் கை அந்த இறுக்கத்தை உணரும், கொஞ்சம் பலம் கொடுத்துத் திறந்துவிடலாம். செமி ஆட்டோவில் இழுக்கிற நேரத்தையும் வேகத்தையும் வாயு முடிவு செய்துவிடுகிறது, சேம்பர் வழவழப்பாக இருந்தே ஆக வேண்டும்.

மெருகேற்ற நேரம் பிடிக்கும், அவசரப்பட்டு அதிகம் தேய்த்தால் சேம்பர் பெரிதாகிவிடும், அதன்பின் அந்தப் பேரல் குப்பைக்குத்தான். நவம்பர் 15 நெருங்கிவிட்டது. இந்த வருடம் இது வேண்டாம் என்று கன்ஸ்மித் சொன்னார். பேரனுக்கு மனசே இல்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டார். 2024 வேட்டைக்கு இரவல் வாங்கிய போல்ட் ஆக்‌ஷனோடுதான் தாத்தாவின் இடத்தில் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து இந்த மொத்தக் கதையிலும் மிகக் கடினமான முடிவு அதுதான், மிகச் சரியானதும் அதுதான்.

அதன் பிறகு

குளிர்காலத்தில் சேம்பர் வேலை முடிந்தது. ஓரிரு ஆழமான குழிகள் அப்படியே இருக்கின்றன, பித்தளையை அவை பிடிப்பதில்லை. கோடையில் மேகஸின் நிறையப் போட்டு மீண்டும் மீண்டும் சுட்டுப் பார்த்ததில் ஒரு தடவை கூட மாட்டவில்லை. 2025 நவம்பரில் அந்த ரைஃபிள் காட்டுக்குப் போனது. மிச்சிகனில் மான் வேட்டைக்கான செமி ஆட்டோவில் மொத்தம் 6 தோட்டாவுக்கு மேல் கூடாது, இதில் நிரப்பினாலும் 5தான் என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. முதல் வாரத்தில் ஓர் ஆண் மான், ஒரே தோட்டா.

இதைவிடப் பெரிய பலன் என்று நான் நினைப்பது வேறு. மான் கறி கொடுக்க பெரியவரின் பழைய வேட்டை நண்பர் வீட்டுக்குப் பேரன் போனபோது பின் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். நண்பர் எழுந்துபோய் எடுத்து வந்தது ஒரு மாடல் 100 கார்பைன், பேரலில் வளையம் போட்ட குட்டை ரகம், 1967இல் அறிமுகமானது. எச்சரிக்கை பற்றி எப்போதோ காதில் விழுந்த ஞாபகம் அவருக்கு, தன்னுடையதுக்கும் பொருந்தும் என்று நினைக்கவில்லை. கன்ஸ்மித் திறந்து பார்த்தார், அதிலும் பழைய பின். மாற்றியாயிற்று.

மறுபடி செய்தால் எதை மாற்றுவார்கள்

கன்ஸ்மித் சொல்வது: பின்னைக் கவனித்த அதே நாளில் சேம்பருக்குள்ளும் விளக்கு விட்டுப் பார்த்திருக்க வேண்டும், பல வருடம் உறையில் கிடந்தது என்று கேட்டவுடனே. இப்போது அவர் கடையில் அதுதான் வழக்கம். உதிரியாக இன்னொரு பின்னும் வாங்கி வைக்கச் சொல்கிறார், இன்னும் இருபது வருடம் கழித்து அது எங்கே கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அசல் மேகஸின் இப்போதே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பேரன் சொல்வது: உற்பத்தி நின்ற எந்தத் துப்பாக்கி கைக்கு வந்தாலும், தோட்டா கையில் எடுப்பதற்கு முன் மாடல் பெயரைப் போட்டு ரீகால் (குறை கண்டு தயாரிப்பாளர் திரும்ப அழைக்கும் அறிவிப்பு) உண்டா என்று பார்ப்பேன். இரும்புப் பெட்டிக்குள் உறை இல்லாமல், பேரலை எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறார். சுத்தம் செய்த பிறகு சில நாள் பேரல் கீழே இருக்கும்படி வைக்கிறார். பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு அட்டை: பின் மாற்றிய மாதம், யார் மாற்றியது, பழைய பின் எதனால் ஆபத்து, சேம்பரில் செய்த வேலை, பிரிக்காதே கடைக்குக் கொண்டுபோ என்ற வரி.

அம்மா சொல்வது: அப்பாவிடம் உயிரோடு இருக்கும்போதே இந்த ரைஃபிளைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். எப்போது வாங்கினார், எங்கே, எப்போதாவது மாட்டியதா, யாரிடமாவது காட்டினாரா. வாங்கிய வருடம் கூடக் கட்டையிலுள்ள அச்சைப் பார்த்து ஊகிக்கும்படி ஆகிவிட்டது.

நண்பரின் வீட்டில் ஒரு ரெமிங்டன் 742ம் இருந்தது, அதையும் கையோடு காட்டியிருக்கிறார்கள். அந்த மாடலுக்கு ரீகால் இல்லை, வேறு வியாதி உண்டு: போல்ட் ஓடி ஓடி, அதைத் தாங்கும் எஃகுக் கூடான ரிசீவரின் உள்பக்கத் தடங்களைக் கொத்திக் கொத்திக் கரடாக்கிவிடும், அந்த ரிசீவருக்கு மாற்றுக் கிடையாது. ரெமிங்டன் 2020இல் திவாலாகிப் பிரித்து விற்கப்பட்டுவிட்டதால் கேட்கவும் ஆளில்லை. இதில் தடம் இரண்டு பக்கமும் நன்றாகவே கொத்தியிருந்தது. இனி அதைச் சுடுவதில்லை என்று அந்த வீட்டில் முடிவு செய்து, ஃபயரிங் பின்னைக் கழற்றித் தனி உறையில் போட்டு, ஏன் கழற்றினோம் என்று எழுதிய தாளை விசைக் காப்பு வளையத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள்.